இறங்கித் தள்ளிக்கொண்டு போகும் இடம்

கத்திவாக்கம்
1971 ஜனவரி 21

மரியே வாழ்க

மதிப்பிற்குரிய தாஹிரா பேகம் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் இக்னேஷியஸ். விம்கோ நகரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கிறேன். கத்திவாக்கம், நெட்டுக்குப்பம் பக்கத்திலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். அதற்கு நான் செயலாளர்.

எர்ணாவூரில் உங்கள் சவுக்குத் தோப்புக்குள் ஓடும் வண்டித்தடத்தில்தான் இத்தனை காலமும் போய்வந்தோம். விறகு வண்டிகள் போய்ப் போய் இறுகிய தடம், அதனால் சைக்கிள் மணலில் புதையாது. மறைந்த உங்கள் கணவர் கபூர் சாயபு ஒரு நாளும் எங்களைத் தடுத்ததில்லை. வெயில் நாளில் எதிரே வந்தால், நிழலில் நின்று போங்கப்பா என்பார்.

பொங்கல் முடிந்து வேலைக்குக் கிளம்பினால் இரண்டு பக்கமும் முள் அடைத்திருக்கிறது. படலில் சங்கிலி. காவல்காரர் தவசிமுத்துவைக் கேட்டால், அம்மா உத்தரவு என்பதற்கு மேல் பேசவில்லை.

இப்போது எல்லாரும் எண்ணூர் நெடுஞ்சாலையில் போகிறோம். லாரி நெருங்கினால் சைக்கிளோடு ஓரத்து மணலில் இறங்கிவிட வேண்டும். இறங்க இடமில்லாத இடங்களும் இருக்கின்றன.

தோப்புக்குள் சில இளவட்டங்கள் பந்தயம் விடுவதும் கூச்சல் போடுவதும் எனக்குத் தெரியும். கண்டித்திருக்கிறோம், முழுதாக அடக்க முடியவில்லை. ஆனால் வயிற்றுப்பாட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். சிலர் செய்ததற்கு எல்லாருக்கும் வழியை அடைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பதில் எதிர்பார்க்கிறேன்.

தங்கள் பணிவுள்ள
இக்னேஷியஸ்

---

இராயபுரம்
1971 ஜனவரி 27

786

திரு. இக்னேஷியஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பந்தயம், கூச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். காணும் பொங்கலன்று நடந்தது உங்களுக்குத் தெரியாதா, அல்லது தெரிந்தும் எழுத வேண்டாம் என்று விட்டீர்களா? எனக்கு விளங்கவில்லை. தெரியாது என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அன்று மாலை உங்கள் ஆட்கள் தோப்புக்குள் பந்தயம் விட்டார்கள். தவசிமுத்துவின் மனைவி கெங்கம்மா தண்ணீர்க் குடத்தோடு தடத்தைக் கடந்தாள். முன்னால் வந்தவன் அவளை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனான். பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அவளைத் தூக்க ஒருவரும் இறங்கவில்லை.

அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. கல்யாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு தரித்த பிள்ளை. தவசிமுத்து விறகு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். அவளை உயிரோடு தந்தார்கள். பிள்ளையைத் தரவில்லை.

எனக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குழந்தைக்குத் தொட்டில் கட்ட என்னுடைய பழைய பட்டுச் சேலை ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். அதையும் உங்களுக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

என் கணவர் உங்களைத் தடுக்கவில்லை என்கிறீர்கள். அவர் இருந்திருந்தால் அன்றைக்கே அடைத்திருப்பார். வழி கிடையாது.

தாஹிரா பேகம்

---

கத்திவாக்கம்
1971 பிப்ரவரி 3

அம்மா அவர்களுக்கு,

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஒரு பெண்பிள்ளை கீழே விழுந்தாள் என்று மட்டும் யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். எழுந்து போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் தோப்புக்குப் போனேன். தவசிமுத்து முள்ளுக்கு அந்தப் பக்கமே நின்றார். "ஆஸ்பத்திரில ரத்தம் வோணும்னு கேட்டாங்கோ. நான் தெருத்தெருவா ஆள் தேடிகினு அலஞ்சேன். உங்காளு ஒர்த்தன் வந்தானா? இன்னிக்கு வழி வோணும்னு மட்டும் வர்றீங்கோ" என்றார். வழி கேட்க வரவில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இடித்தவன் யார் என்று விசாரித்துவருகிறேன். ஒருவரும் வாய் திறப்பதில்லை. பந்தயத்தில் இருந்தவர்கள் என்னைக் கண்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

இந்தக் கடிதத்தில் நான் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

இக்னேஷியஸ்

---

இராயபுரம்
1971 பிப்ரவரி 19

திரு. இக்னேஷியஸ்,

எதுவும் கேட்கவில்லை என்று எழுதினீர்கள். உங்கள் கடிதத்தில் மையின் ஈரம் காயவில்லை, வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. உங்கள் குழுத் தலைவர் குணசேகரன் கையெழுத்து. நெடுங்காலமாகப் பொதுமக்கள் நடமாடிய வழியாம், அடைக்க எனக்கு உரிமை இல்லையாம், கோர்ட்டுக்கு வருவார்களாம். கெங்கம்மா பெயர் அதில் ஒரு வரியில்கூட இல்லை.

என் கொழுந்தனார் நோட்டீசை வாசித்துவிட்டுச் சிரித்தார். தோப்பை வெட்டிவிட்டு நிலத்தை ஒரு கிடங்குக் கம்பெனிக்கு விற்றுவிடலாம் என்று அவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் மதில் வரும், சைக்கிள் என்ன, காகம்கூட உள்ளே வராது என்கிறார். இதுவரை நான் மறுத்துவந்தேன். இனி மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

தாஹிரா பேகம்

---

கத்திவாக்கம்
1971 மார்ச் 14

அம்மா அவர்களுக்கு,

உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். எழுதத் தகுந்த நிலையில் நாங்கள் இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நோட்டீஸ் விஷயம் எனக்குத் தெரியாமல் நடந்தது. உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். குணசேகரனுக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம். அவர் கெட்டவர் இல்லை. தினமும் நெடுஞ்சாலையில் ஆட்கள் விழுந்து எழுவதைப் பார்த்து ஆத்திரத்தில் இருந்தார். அந்தம்மா விழுந்ததற்கும் வழி உரிமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். நோட்டீசைத் திரும்பப் பெறாவிட்டால் நான் விலகிக்கொள்கிறேன் என்றேன். அப்போது பின்வரிசையில் ஜேக்கப் எழுந்து நின்றான்.

ஜேக்கப்புக்கு இருபத்திரண்டு வயது. தொழிற்சாலையில் என் பிரிவிலேயே வேலை. அப்பா இல்லை. அம்மா சிலுவையம்மாள் காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறாள், அவளுக்கு ஒரே பிள்ளை. மணலில் அவனைப் போல் சைக்கிள் விடுகிறவன் இந்தப் பக்கத்தில் கிடையாது.

"நோட்டீஸ் வோணாம்ணே. அந்தம்மாவ இடிச்சது நான்தான். நிறுத்தணும்னுதான் நெனச்சேன், காலு நிக்கல" என்றான். நோட்டீஸ் மறுநாளே திரும்பப் பெறப்பட்டது. குணசேகரனே வக்கீல் வீட்டுக்குப் போனார்.

ஜேக்கப்பைக் கூட்டிக்கொண்டு தோப்புக்குப் போனேன். போலீசில் சொல்வதானாலும் அவன் தயார் என்றேன். தவசிமுத்து அவனை அடிக்கக் கை ஓங்கினார். அவன் நகரவில்லை. கெங்கம்மா வெளியே வந்து அவனைப் பார்த்தாள். "அவன் மேல கை வெக்காத, அனுப்பிடு" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்ததை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. வேறு யார் மூலமாவது நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்வது நல்லது. போன செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டுக்கு வந்த கிருஷ்ணப்பன் நெடுஞ்சாலையில் லாரி அடித்து இறந்துபோனார். பாய்லரில் வேலை செய்தவர். பந்தயத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. பெஞ்சாதி தாயம்மாவும் மூன்று பெண் குழந்தைகளும் இருக்கிறார்கள். நான் அவருக்குக் கொஞ்சம் பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

இதை உங்கள் மேல் பழியாக நான் எழுதவில்லை. லாரிக்காரன் மேல் இருக்கிறது, சாலை மேல் இருக்கிறது, காணும் பொங்கலன்று இறங்காமல் போனவர்கள் மேல் இருக்கிறது. உங்கள் மேல் இல்லை.

இக்னேஷியஸ்

---

இராயபுரம்
1971 ஏப்ரல் 2

786

சகோதரர் இக்னேஷியஸ் அவர்களுக்கு,

என் மேல் பழி இல்லை என்று எழுதினீர்கள். உங்கள் நல்ல மனது. ஆனாலும் அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. தாயம்மாவுக்கு ஆறுதல் சொல்லி ஆள் அனுப்பினேன். என்னைத் திட்டி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். நன்றி என்று சொல்லி அனுப்பினாள்.

பத்திரம் என் பெயரில் இருக்கிறது. நாளைக்கே முள்ளை எடு என்று தவசிமுத்துவுக்குச் சொன்னால் எடுத்துவிடுவான். ஆனால் அந்தத் தடம் கெங்கம்மா வீட்டு வாசலை ஒட்டிப் போகிறது. அவள் விழுந்த இடத்தைத் தாண்டாமல் யாரும் போக முடியாது. அவளைக் கேட்காமல் திறக்க எனக்கு மனம் வரவில்லை. கேட்கவும் நாக்கு எழவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தவசிமுத்து அவளை இங்கே அழைத்துவந்தான். நான் பேச்சை ஆரம்பிக்கத் திணறிக்கொண்டிருந்தேன். அவளே ஆரம்பித்தாள். ரோட்டில் ஒருத்தர் செத்துப்போனாராமே, மூணும் பொட்டப் பிள்ளைங்களாமே என்றாள். பிறகு சொன்னாள்: "தொறந்து வுட்டுடும்மா. சாவு வோணாம். ஆனா சைக்கிள் வேகமா வர்ற சத்தம் கேட்டாலே எனுக்கு வவுறு கலங்கிப் பூடுது. என் வூட்டாண்ட எறங்கி, தள்ளிக்கினு போவட்டும். மணி அடிக்க வோணாம்."

அவள் கேட்டது இவ்வளவுதான். என் தரப்பில் நான் சேர்ப்பது: பந்தயம் கூடாது. தோப்புக்குள் பீடி, சிகரெட் கூடாது. யார் மீறினாலும் உங்கள் குழு எனக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வரும் திங்கட்கிழமை முள்ளை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நிலத்தை விற்பது பற்றிக் கொழுந்தனாரிடம் இன்னும் முடிவு சொல்லவில்லை.

தாஹிரா பேகம்

---

கத்திவாக்கம்
1971 மே 23

மரியே வாழ்க

தாஹிரா அம்மாவுக்கு,

வழி திறந்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. நல்ல சேதியாகவே எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது நடக்கவில்லை. தவசிமுத்து சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதல் சில வாரங்கள் ஒழுங்காகவே போயிற்று. கெங்கம்மா வீட்டுக்கு இரண்டு பக்கமும் குழுவில் ஒருவர் முறை வைத்து நிற்கிறோம். முன்னால் போகிறவர் இறங்கினால் பின்னால் வருகிறவர்களும் தானாக இறங்கிவிடுகிறார்கள். பேச்சும் நின்றுவிடுகிறது. நாங்கள் யாரும் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்த மாதம் புதிதாகக் காண்ட்ராக்ட் ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் மணியடித்துக்கொண்டே வீட்டைத் தாண்டி ஓட்டினான். குணசேகரன் குறுக்கே நின்று நிறுத்தினார். "இன்னா, உங்கப்பன் வூட்டு ரோடா?" என்று கேட்டான். "இல்ல. உங்கப்பன் வூட்டு ரோடும் இல்ல. அதுக்குத்தான் எறங்கச் சொல்றோம்" என்றார் குணசேகரன். அவன் முறைத்துக்கொண்டே இறங்கினான்.

முந்தாநாள் மத்தியானம் தோப்பின் மேற்கு மூலையில் தீப்பிடித்தது. எவனோ பீடியை அணைக்காமல் சருகில் போட்டிருக்கிறான். காற்று வேறு. அந்த நேரத்தில் ஷிப்டு விட்டு வந்தவர்கள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினோம். மண்ணை வாரிப் போட்டும் ஈரச் சாக்கால் அடித்தும் அணைத்தோம். அப்படியும் இளம் கன்றுகள் ஒரு பாத்தி முழுக்கக் கருகிவிட்டன. குணசேகரனுக்கு முழங்கை வரை கொப்புளம். பீடி போட்டவன் யார் என்று தெரியவில்லை.

மீறினால் குழு பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். இதுதான் எங்கள் பதில். தப்பு எங்கள் பக்கம். நீங்கள் மறுபடி அடைத்தால் நோட்டீஸ் வராது, மனுவும் வராது. கருகிய இடத்தில் மழைக்காலத்தில் நாங்களே கன்று வைத்துத் தருகிறோம். வழி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைச் செய்வோம்.

ஜேக்கப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். வழி திறந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவன் தோப்புக்குள் வரவில்லை. தன்னந்தனியாக நெடுஞ்சாலையிலேயே போய்வருகிறான். தீ என்று கேட்டதும் ஓடிவந்தான், ஆனால் மேற்கு மூலையிலிருந்து அப்படியே திரும்பிவிட்டான். வீட்டுப் பக்கம் வரவில்லை. சிலுவையம்மாள் தினமும் அவன் திரும்பிவருகிற நேரத்துக்கு மாதா கோவில் வாசலில் நிற்கிறாள்.

இக்னேஷியஸ்

---

இராயபுரம்
1971 ஜூன் 4

786

தம்பி இக்னேஷியஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று கொழுந்தனாரும் இங்கே இருந்தார். பார்த்தாயா, நான் சொன்னது நடந்ததா என்றார். கம்பெனிக்காரர்கள் அந்த வாரமே பேசி முடிக்கத் தயார் என்றார். தவசிமுத்துவும் கெங்கம்மாவும் வந்த பிறகு முடிவு சொல்கிறேன் என்றேன். தோப்புக் காவல்காரியைக் கேட்டா நிலத்தை விற்பது என்று கோபித்துக்கொண்டு அவர் வாசல் வரை போய்விட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பிவந்து உட்கார்ந்தார்.

தீயைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு மேல் தவசிமுத்து ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை. இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போனது. அதுவே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

மறுபடி அடைத்துவிடலாமா என்று கெங்கம்மாவைக் கேட்டேன். "நெருப்பு வெச்சவன் ஒர்த்தன். அணைச்சவங்கோ எத்தினி பேரு. நாம வழிய மூடினா அந்த ஒர்த்தன் வேற எங்கனா போயி குந்திப்பான். இவங்கோதான் ரோட்டுக்குப் பூடுவாங்கோ" என்றாள்.

நிலம் விற்பதற்கில்லை என்று கொழுந்தனாரிடம் அப்போதே சொல்லிவிட்டேன். அவருக்கும் எனக்கும் இப்போது பேச்சு இல்லை. அது என் வீட்டுச் சங்கடம். நான் பார்த்துக்கொள்கிறேன்.

வழி திறந்தே இருக்கட்டும். கோடை முடியும்வரை தடத்தின் இரண்டு ஓரமும் சருகை உங்கள் ஆட்கள் வாரிவிட வேண்டும். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவனுக்கும் அந்த இடத்தில் ஏன் இறங்க வேண்டும் என்று சொல்லுங்கள். சட்டம் என்று சொல்லாதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள். கெங்கம்மாவிடம் அதற்குச் சம்மதம் வாங்கிவிட்டேன்.

போகும்போது அவள் என்னிடம், அந்தப் பிள்ளை ஏன் இந்தப் பக்கம் வருவதே இல்லை என்று கேட்டாள். நீங்கள் எழுதியதைச் சொன்னேன். சிலுவையம்மாள் கோவில் வாசலில் நிற்பதையும் சொன்னேன். ரொம்ப நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். "அந்தம்மாவுக்கு அவன் ஒர்த்தந்தானா?" என்றாள். ஆமாம் என்றேன். "லாரி ரோட்டுல போவ வோணாம்னு சொல்லும்மா. எனுக்கு வந்தது அவுங்களுக்கும் வரக்கூடாது."

இதை அவனிடம் சேர்ப்பது உங்கள் பொறுப்பு.

தாஹிரா பேகம்

---

கத்திவாக்கம்
1971 ஜூன் 13

தாஹிரா அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஜேக்கப்புக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். மிஷினை நிறுத்திவிட்டு வெளியே போனான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதான். வருகிறாயா என்று கேட்டதற்கு, "எந்த மூஞ்சிய வெச்சிகினுண்ணே அவுங்க வாசல்ல போறது? திட்டி அனுப்பிச்சிருந்தாகூடப் பூடுவேன்" என்றான்.

நான் வற்புறுத்தவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற காரியம் இல்லை இது. உன் அம்மாவிடம் சொல் என்று மட்டும் சொன்னேன். சிலுவையம்மாளிடம் சொன்னானா இல்லையா, தெரியாது.

நாளை முதல் எனக்கு இரண்டாவது ஷிப்டு. அவன் முதல் ஷிப்டிலேயே இருக்கிறான். அவன் வந்தாலும் கூட நடக்க என்னால் முடியாது. அதுதான் எனக்கு வருத்தம். சருகு வாரும் வேலை ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்துவருகிறது. கன்றுக்குக் குழி எடுக்கக் குணசேகரன் அளந்து குச்சி நட்டிருக்கிறார்.

இக்னேஷியஸ்

---

இராயபுரம்
1971 ஜூன் 27

786

தம்பி இக்னேஷியஸ் அவர்களுக்கு,

நேற்று நான் தோப்புக்குப் போயிருந்தேன். உங்களை ஒரு முறையாவது பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். நீங்கள் ஷிப்டில் இருப்பீர்கள் என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

என் கணவர் இருந்த காலத்திலும் நான் அங்கே அதிகம் போனதில்லை. வண்டியைக் கிணற்றுப் பக்கம் நிறுத்தச் சொல்லி, உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். கெங்கம்மா துணி காயவைத்துக்கொண்டிருந்தாள். தவசிமுத்து வாசலில் உட்கார்ந்து படல் பின்னிக்கொண்டிருந்தான்.

முதல் ஷிப்டு விட்டு ஆட்கள் வந்தார்கள். தூரத்தில் பேச்சும் சிரிப்புமாகக் கேட்டது. வீடு தெரிகிற வளைவில் முதல் ஆள் இறங்கினார். அடுத்தடுத்து எல்லாரும் இறங்கினார்கள். அத்தனை பேர் நடந்துபோனார்கள், மணலில் காலடிச் சத்தம் மட்டும்தான் இருந்தது. சிலர் கெங்கம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார்கள். அவள் துணியைப் பிழிந்தபடியே தலையசைத்தாள். ஒரு பையன் இறங்காமலே வந்தான், பின்னால் வந்தவர் அவன் தோளைத் தொட்டதும் இறங்கிவிட்டான்.

எல்லாரும் போன பிறகு ஒருவன் தனியாக வந்தான். வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே இறங்கியிருந்தான். அவன் பக்கத்தில் கூடைக்காரி ஒருத்தி நடந்துவந்தாள். தவசிமுத்து வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றான். அதைப் பார்த்ததும் அவன் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கூட வந்தது சிலுவையம்மாளாகத்தான் இருக்க வேண்டும். அவள் வளைவிலேயே நின்றுகொண்டாள். அவனை மட்டும் போகவிட்டாள்.

அவன் தலையைக் குனிந்தபடியே தள்ளிக்கொண்டு வந்தான். வீட்டுக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டான். கெங்கம்மா கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டாள். அவனிடம் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்:

"நிமுந்து பாத்துப் போ நைனா. அங்க மண்ணு சறுக்கும்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு தடத்தைப் பார்த்து நடந்தான். தவசிமுத்து உட்கார்ந்து மறுபடி வேலையைப் பார்க்க ஆரம்பித்தான்.

அதற்குமேல் அங்கே இருக்க எனக்கு அவசியம் இருப்பதாகத் தோன்றவில்லை. வண்டிக்காரரைக் கிளம்பச் சொன்னேன்.

தாஹிரா